கேடயம் கருதாத ஒரு விளையாட்டுச் சங்கம்

விளையாட்டுச் சங்கமென்றால் போட்டிகளை நடாத்திக் கேடயம் வழங்குவதற்கெனத் தோன்றியது என்றே பொதுவாகக் கொள்வோம். ஐக்கிய அமெரிக்காவின் வடகீழ்ப் பகுதியிலே 1971ஆம் ஆண்டில் அமைந்த நியூ இங்கிலாந்துச் சிறு கல்லூரி விளையாட்டுச் சங்கம் அவ்வாறு தோன்றியதன்று. விளையாட்டுக் கல்வியை விழுங்கிவிடாது காத்தலே அதன் நோக்கம்.

அக்கல்லூரிகளின் போட்டியோ சங்கத்தினும் மிகப் பழையது. 1859ஆம் ஆண்டு யூலை 1ஆந் திகதி மசாச்சுசெற்ஸ் மாநிலத்துப் பிற்ஸ்ஃபீல்ட் நகரில் அமேர்ஸ்ற், வில்லியம்ஸ் என்னும் இரு கல்லூரிகளும் பேஸ்போல் ஆடின. அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையே நிகழ்ந்த முதலாவது பேஸ்போல் ஆட்டம் அதுவே. அமேர்ஸ்ற் 73க்கு 32 என வென்றது. அத்தோடமையாது இரு திறத்தாரும் சதுரங்கத்திலும் மோதினர். அதிலும் அமேர்ஸ்றே வென்றது. உடல்வன்மையும் மதிநுட்பமும் ஒருங்கே சோதிக்கப்பட்ட அச்சந்திப்பு, பின்னெழுந்த சங்கத்தின் கொள்கைக்கு ஒரு முன்னறிகுறி எனலாம்.

பெரும் பல்கலைக்கழகங்கள் ஆட்டவல்லாருக்குப் புலமைப்பரிசில் வழங்கி விளையாட்டை வாணிபமாக்கிய காலத்தில், 1955ஆம் ஆண்டில், அமேர்ஸ்ற், போடன், வெஸ்லியன், வில்லியம்ஸ் ஆகிய நான்கும் தமக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. அதனடியாகவே 1971இல் பதினொரு கல்லூரிகள் ஒன்றுகூடின. அவற்றுள் ஹமில்ற்றனும் யூனியனும் நியூயோர்க் மாநிலத்தவை. பெயருக்கு மட்டுமே நியூ இங்கிலாந்து. யூனியன் 1977இல் விலக, 1982இல் கனெக்ரிக்கட் கல்லூரி சேர்ந்தது. மற்றோர் உறுப்பான மிடில்பெரிக் கல்லூரி நமக்கும் புதியதன்று. உடுவிலிற் பணிபுரிந்தவரும், 1862இல் வெளிவந்த தமிழ் ஆங்கிலப் பேரகராதியின் ஆசிரியருமான மிறன் வின்சிலோ அங்கே கற்றுத் தேறியவரே.

விளையாட்டுக்கெனப் புலமைப்பரிசில் இல்லை. ஆட்டக்காரர் ஏனை மாணவரையொத்த கல்வித் தகைமையுடையராதல் வேண்டும். இறுதி அதிகாரம் பயிற்றுநரிடமன்றிக் கல்லூரித் தலைவரிடமே இருத்தல் வேண்டும். இவையே சங்கத்தின் அடிப்படை. தேசியச் சுற்றுப்போட்டிகளுக்கு அணிகளை அனுப்புவதுகூட 1993 வரை விலக்கப்பட்டிருந்தது. சங்கத்தின் பெயரால் முறையான வெற்றிப்பட்டங்கள் வழங்கப்பட்டதோ 1999ஆம் ஆண்டு தொடங்கியே. அமெரிக்க உதைபந்தாட்டத்தில் பத்து அணிகள் இருந்தும் ஒவ்வொன்றும் எட்டு ஆட்டங்களே ஆடின. ஆகவே எல்லாரும் எல்லாரையும் எதிர்கொள்ளவில்லை. ஒன்பதாவது ஆட்டம் 2017இலேதான் சேர்க்கப்பட்டது.

தடை தளர்ந்தபின் நிகழ்ந்ததுதான் விந்தை. புலமைப்பரிசில் வழங்காத கல்லூரிகளுக்கான தேசிய மூன்றாம் பிரிவில், எல்லா விளையாட்டுகளையும் சேர்த்துக் கணிக்கும் கிண்ணத்தை 1995-96 முதலாகப் பெரும்பாலான ஆண்டுகளில் வென்றது வில்லியம்ஸ் கல்லூரியே. ஆனால், அவ்வெற்றிக்கு ஒரு விலையும் இருந்தது. வில்லியம் போவன், சேரா லெவின் இருவரும் 2003இல் வெளியிட்ட நூல், இக்கல்லூரிகளில் விளையாட்டுக்காகத் தேடிச் சேர்க்கப்பட்டோர், அவர்தம் முன்தகைமையைக் கொண்டு எதிர்பார்க்கத்தக்க அளவிற்கும் குறைவாகவே கல்வியிற் சித்தியடைந்தனர் எனக் காட்டிற்று. பெருங்கல்லூரியில் இது சிறு குறையாகலாம். ஈராயிரம் மாணவர் அளவிலான இத்தகைய கல்லூரியிலோ ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் கல்லூரி அணிகளில் ஆடுபவர். அங்கே ஆட்டக்காரரைத் தெரிவது மாணவர் குழாத்தையே தெரிவதாகிவிடுகின்றது. எனவே, பயிற்றுநர் பரிந்துரையால் நிரப்பக்கூடிய இடங்களுக்குத் தலைவர்கள் எல்லை வகுத்தனர். அணிகள் அனைத்தும் அவ்வெல்லைக்குட்பட்ட இடங்களையே தமக்குட் பங்கிட்டுக்கொள்ளல் வேண்டும்.