சிக்ஸருக்கு நடுவே சுண்டல்!

கிரிக்கெட் சீஸன் வந்துவிட்டால் போதும், விரிஞ்சிபுரத்தில் என்னிடம் வைத்தியத்துக்கு வருபவர்களின் புகார் மாறிவிடும். நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், வயிற்று உப்புசம்... "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டால், "மேட்ச் பார்த்துக்கிட்டே சாப்பிட்டோம் சார், என்னன்னே ஞாபகமில்லை!" என்று சிரிப்பார்கள்.

இல்லத்தரசிகளின் புகார் வேறு. "வீட்டுக்காரரோட ஃபிரெண்ட்ஸ், கொழுந்தன், பசங்கன்னு பத்துப் பேர் வந்துடறாங்க. பஜ்ஜி போட்டு முடிக்கறதுக்குள்ள மேட்சே முடிஞ்சுடுது. கடைசி ஓவரைக்கூட நான் பார்த்ததில்லை" என்றார் ஒரு சகோதரி. நியாயமான வருத்தம்தானே! அதனால் இங்கே நான் சொல்லப்போகிற எல்லாமே மேட்ச் துவங்கும் முன்பே அடுப்பை அணைத்துவிடக் கூடியவை.

முதல் மரியாதை சுண்டலுக்குத்தான். பத்துப் பேருக்கு அரைக் கிலோ கறுப்புக் கொண்டைக்கடலை தாராளம். காலையிலேயே ஊறப்போடுங்கள், எட்டு மணி நேரமாவது ஊற வேண்டும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குக்கரில் மசிய வேகவிடுங்கள். "கடலை வாயுவாச்சே டாக்டர்?" என்று கேட்பீர்கள். அரைகுறையாக வெந்தால்தான் அந்தத் தொல்லை அதிகம். தாளிக்கும்போது பெருங்காயமும், துருவிய இஞ்சியும் சேர்க்கச் சொல்லி நம் பாட்டிமார்கள் வைத்தது சும்மா இல்லை! சித்த மருத்துவத்தில் இரண்டுமே வாயுவைக் கண்டிக்கும் சரக்குகள். இறக்கும்போது மாங்காயைப் பொடியாக நறுக்கிப் போட்டால் தட்டு காலியாவதே தெரியாது.

அடுத்தது குழிப்பணியாரம். வீட்டில் இருக்கிற இட்லி மாவிலேயே வெங்காயம், கறிவேப்பிலை, கேரட் துருவல் கலந்து, குழிக்கு அரை ஸ்பூன் எண்ணெய் விட்டால் போதும். பஜ்ஜி குடிக்கும் எண்ணெயோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமேயில்லை. கூடவே அவித்த வேர்க்கடலை, வெள்ளரிப் பிஞ்சு. சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் முழு வேர்க்கடலை தராதீர்கள். சிக்ஸருக்குத் துள்ளிக் குதிக்கும்போது தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

குடிப்பதற்கு? ஐ.பி.எல். நடக்கும் ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 300 மில்லி கோலா பானத்தில் ஆறு டீஸ்பூனுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. அதற்குப் பதில் ஒரு கப் தயிருக்கு நாலு கப் தண்ணீர் விட்டுக் கடைந்து, இஞ்சி, கறிவேப்பிலை, உப்பு போட்டு மண்பானையில் வைத்துவிடுங்கள். வேண்டியவர்கள் மொண்டு குடித்துக்கொள்வார்கள்.

சரி, பிரியாணி? ஆம்பூர் பக்கத்தில் இருந்துகொண்டு அதை விட்டுவிட முடியுமா! தோல் தொழிற்சாலைகளுக்கு லீவான ஞாயிற்றுக்கிழமையில் மேட்ச் வந்தால் இந்த வட்டாரத்தில் பார்சல் பறக்கும். சீரகச் சம்பா அரிசியும், காய்ந்த மிளகாய் விழுதும் சேர்ந்த ருசி அது, நானும் விரோதியில்லை. ஆனால் நேரம்தான் முக்கியம். ஏழரைக்குத் துவங்கும் மேட்ச் முடியப் பதினொன்றைத் தாண்டும். 2023 ஐ.பி.எல். இறுதிப் போட்டியை நினைத்துப் பாருங்கள். மழை குறுக்கிட்டு, கடைசி இரண்டு பந்தில் ஜடேஜா ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்துச் சென்னை ஜெயித்தபோது மணி இரவு ஒன்றரை! அதற்குப் பிறகு பிரியாணியைச் சாப்பிட்டுப் படுத்தால் பித்தம் மேலேறாமல் என்ன செய்யும்? முதல் இன்னிங்ஸ் முடிந்ததும் கிடைக்கும் இருபது நிமிட இடைவேளையில், டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு, எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டுவிடுங்கள்.

பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்திரிக்காய் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்து முள்ளு கத்திரி 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பெருமைக்குரியது. ஆனால் சொறி, சிரங்கு, கரப்பான் உள்ளவர்கள் அதை ஒதுக்கிவிடுவது நல்லது என்பது சித்த மருத்துவப் பத்தியம்.

இப்போது, கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டிய விஷயம். சர்க்கரை நோய்க்குச் சில வகை மாத்திரையோ, இன்சுலினோ எடுத்துக்கொள்கிறவர்கள் வேளாவேளைக்குச் சாப்பிட்டே ஆக வேண்டும். எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் எட்டு மணிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, "இந்த விக்கெட் விழட்டும்மா, சாப்பிடறேன்" என்று மருமகளிடம் சொல்லிச் சொல்லியே பத்தரை ஆக்கிவிட்டார். உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு. கூட இருந்தவர்களோ, "மாமாவுக்கு மேட்ச் டென்ஷன்!" என்று கேலி செய்திருக்கிறார்கள். பேச்சுக் குழறிய பிறகுதான் மருமகளுக்குப் பொறி தட்டியது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்ததும் கால் மணி நேரத்தில் தெளிந்தார். அப்புறம் இட்லி சாப்பிட வைத்தார்கள். நினைவு இருந்தால்தான் இப்படிக் கொடுக்கலாம். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

இதயமும் அப்படித்தான். ஜெர்மனியில் 2006 உலகக் கோப்பைக் கால்பந்து நடந்தபோது முனிச் நகர வட்டாரத்தில் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். ஜெர்மனி அணி ஆடிய நாட்களில் மாரடைப்பு போன்ற அவசர இதயக் கோளாறுகள் மற்ற நாட்களைவிட 2.66 மடங்கு இருந்தன. ஏற்கெனவே இதய நோய் இருந்தவர்களுக்கே அதிக பாதிப்பு. ஆகவே மேட்ச் நடுவே நெஞ்சு அழுத்தி, இடது கைக்கு வலி பரவினால், "கேஸ்தான், ஓமத் தண்ணி குடி, சரியாயிடும்" என்று சொல்லிவிடாதீர்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்... அந்த நேரத்தில் ஓமம் வேண்டாம், ஆஸ்பத்திரிதான்!

மீந்த சுண்டலைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். தேங்காய்த் துருவலை மொத்தமாகக் கலக்காமல், தட்டில் வைக்கும்போது மட்டும் மேலே தூவுங்கள். தேங்காய் கலந்த சுண்டல் இந்த வெயிலில் விடிவதற்குள் ஊசிப்போகும். கலக்காததை ஃபிரிட்ஜில் வைத்தால், மறுநாள் காலை நன்றாகச் சூடாக்கிப் பிள்ளைகளின் டிபன் பாக்ஸில் போட்டு அனுப்பலாம்.