அனுப்பும் சபை, பெறும் சபை: பாக்கு நீரிணையின் இரு கரைகள்

சபைகளுக்கிடையிலான பங்காளித்துவம் என்னும் சொல் நம் இறையியல் வழக்கில் நிலைபெற்றதற்கு, 1947இல் கனடாவிலுள்ள விட்பி நகரில் கூடிய அகில உலக மிஷனெரி மாமன்றம் ஒரு முக்கிய காரணமாகும். மேலைச் சபைகளும் ஆசிய, ஆப்பிரிக்கச் சபைகளும் கீழ்ப்படிதலில் பங்காளிகள் என்று அம்மாமன்றம் அறிவித்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1977இல், பழைய லண்டன் மிஷனின் வாரிசாகிய உலக அருட்பணி மன்றம் தன் அமைப்பையே மாற்றி, பணத்தைப் பற்றிய தீர்மானங்களில் எல்லா உறுப்புச் சபைகளுக்கும் இடமளித்தது. ஆயினும் பங்காளித்துவம் என்றவுடன் நம் குருமாருள் பலருக்கு நினைவில் எழுவது மேல்நாட்டிலிருந்து வரும் காசோலையும், அதற்கு நாம் அனுப்பும் ஆண்டறிக்கையுமே. இதற்கு முந்தியதும் நமக்கு மிக அண்மையிலுள்ளதுமான வேறொரு பங்காளித்துவம் உண்டு. அது தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடலைக் கடந்து நடந்தது. அங்கே அனுப்பும் சபை, பெறும் சபை என்னும் இடங்கள் பலமுறை மாறின. அம்மாற்றத்தைக் கவனித்தாலன்றிப் பங்காளித்துவத்தின் இயல்பு விளங்காது என்பதே நாம் ஈண்டுச் சொல்ல முற்படுவது.

1812இல் கல்கத்தாவில் வந்திறங்கிய அமெரிக்க மிஷனெரிமாரைக் கிழக்கிந்தியக் கம்பெனி வெளியேறப் பணித்தது. அவர்களுள் ஒருவராகிய சாமுவேல் நியூவெல் 1813இல் இலங்கையை அடைந்தார். இலங்கை கம்பெனியின் ஆட்சியில் அன்று, முடியின் நேராட்சியில் இருந்தது. அங்கே கதவு திறந்திருந்தது. 1816இல் அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தில் காலூன்றியதற்கு இவ்வெல்லை வேறுபாடும் ஒரு காரணம். ஆனால் அக்கதவும் நெடுநாள் திறந்திருக்கவில்லை. 1820இல் அச்சாளராக வந்த ஜேம்ஸ் காரெட் என்பவரைத் தங்கவிடாமல் பதில் தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் திருப்பியனுப்பினார். புதிய அமெரிக்கர் வருகைக்கு இடப்பட்ட தடை 1833 வரை நீடித்தது. வெளியிலிருந்து ஆள் வர இயலாத அவ்வாண்டுகளில்தான் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824இல் உடுவில் பெண்கள் பாடசாலையும் எழுந்தன. தடையினால் மட்டுமே இவை தோன்றின என்று கூற இயலாது. எனினும் உள்ளூர்த் தமிழரைப் பயிற்றுவிப்பதில் அம்மிஷன் காட்டிய தீவிரத்திற்கு அத்தடையும் துணைநின்றது என்பது நம் கருத்து.

1833ஆம் ஆண்டின் பட்டயச் சட்டம் இந்தியாவின் கதவைத் திறந்தது. மறு ஆண்டே, 1834இல், யாழ்ப்பாணத்திலிருந்து ஹொய்சிங்டன், டாட் என்னும் இரு மிஷனெரிமார் மதுரை வந்து சேர்ந்தனர். அவர்களுடன் யாழ்ப்பாணத் தமிழ் உதவியாளரும் வந்தனர். மதுரைச் சபையின் தொடக்கத்தைக் கூறும்போது நாம் அமெரிக்காவை நினைக்கிறோம், யாழ்ப்பாணத்தை நினைப்பதில்லை. இரண்டாண்டு கழித்து வின்ஸ்லோவும் மருத்துவர் ஸ்கட்டரும் அவ்வாறே சென்னைக்குப் பெயர்ந்தனர். 1862இல் வெளிவந்த வின்ஸ்லோ அகராதிக்கு அடித்தளமிட்டவர் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய ஜோசப் நைட் ஆவார்.

இவ்வுறவு எப்போதும் இனிமையாக இருந்தது என்று எண்ண வேண்டா. பீட்டர் பெர்சிவல், ஆறுமுக நாவலரின் துணையோடு யாழ்ப்பாணத்தில் உருவாக்கிய வேதாகம மொழிபெயர்ப்பு 1850இல் அச்சேறியபோது தமிழகத்துச் சபையார் அதனை ஏற்கவில்லை. பழகிய சொற்களை விட அவர்களுக்கு மனமில்லை. தங்களைப் போதிய அளவு கலந்து கொள்ளாமல் வந்த நூல் என்னும் எண்ணமும் இருந்திருக்கக்கூடும். பின்னர் பவர் ஐயர் தலைமையில் பல மிஷன்களைச் சார்ந்தோர் கூடி உழைத்து 1871இல் ஐக்கியத் திருப்புதலை வெளியிட்டனர். இரு கரையாரும் தத்தம் சொற்களிற் சிலவற்றை விட்டுக்கொடுத்த பின்பே ஒரு வேதாகமம் இரு கரைக்கும் உரியதாயிற்று. நடை என்ற அளவில் 1850ஆம் ஆண்டு நூலுக்கு ஆதரவாக வாதிடுவோர் இன்றும் உளர்; அவ்வாதம் வேறு. சபைகளுக்கு வேண்டியிருந்தது சிறந்த நடை மட்டுமன்று, தாமும் பங்கேற்று எடுத்த தீர்மானமும் ஆகும். இவ்வரலாற்றை விரிவாக அறிய விரும்புவோர் பேராயர் சபாபதி குலேந்திரன் எழுதிய தமிழ் வேதாகம வரலாற்றைப் பயிலுதல் நன்று.

இனி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்த ஒரு செயலைச் சற்று நின்று நோக்குவோம். யாழ்ப்பாணக் கிறிஸ்தவ மாணவர்கள் தமக்குள் ஒரு மிஷனெரிச் சங்கம் அமைத்து, தம் காணிக்கையினாலேயே ஓர் ஊழியரைக் கடல்கடந்து இராமநாதபுரம் கரையிலுள்ள தொண்டிக்கு அனுப்பினர். மிஷனின் பணத்தைப் பெற்று வளர்ந்த சிறுபான்மைச் சபை அது. அதற்கே அனுப்பும் கடமை உண்டென்று அதன் இளைஞர் துணிந்தனர். 1902இல் யாழ்ப்பாணம் சென்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா இதனைக் கண்டார். அங்கிருந்த சிறு சபைகள் செய்வதைத் தம் திருநெல்வேலிப் பெருஞ்சபை செய்யவில்லையே என்ற உறுத்தல் அவரை விடவில்லை. 1903 பிப்ரவரி 12ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. ஆளும் பணமும் நிருவாகமும் இந்தியருடையவையாகவே இருக்க வேண்டும் என்பது அதன் விதி. தோர்ணக்கல் பணி அதன் கனி. 1910இல் எடின்பரோ மாநாட்டில் அசரியா மேலைச் சபைகளிடம் நட்பைக் கேட்டதை நாம் மேற்கோளாக எடுத்துக்காட்டுகிறோம். எட்டு ஆண்டுகளுக்கு முன் அவர் யாழ்ப்பாணத்திற் கண்டது, கொடுக்கத் தொடங்கிய சபைதான் சமமாக நின்று நட்பைக் கேட்க முடியும் என்பதே.

பவுல் பிலிப்பியருக்கு எழுதியதும் இத்தன்மையதே. 4:15இல் அவர் கொடுத்தலையும் பெறுதலையும் ஒரே தொடரில் வைக்கிறார். எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கையைக் குறிக்க ரோமர் 15:26இல் அவர் ஆண்ட கிரேக்கச் சொல் கொய்னோனியா. திருவிருந்தின் ஐக்கியத்திற்கும் அதே சொல். பணம் ஒரு புறம், ஆவிக்குரிய உறவு மறுபுறம் என்று பிரிக்க அச்சொல் இடங்கொடுப்பதில்லை.

இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டும் அதே கடலில் உண்டு. 1854இல் கண்டிப் பகுதியின் காப்பித் தோட்டங்களுக்குத் திருநெல்வேலிச் சபையிலிருந்து உபதேசிமார் அனுப்பப்பட்டனர். தமிழ்க் கூலி மிஷன் என்று அதற்குப் பெயர் வழங்கிற்று. பெயரிட்டவர் யார் என்பதைப் பெயரே சொல்லும். தோட்ட முதலாளிகளின் ஆதரவும் பொருளும் அதற்குக் கிடைத்தன. அவ்வுபதேசிமாரின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. லயங்களில் தமிழ்ச் சபைகள் உருவானது அவர்களாலேயே. ஆனால் துரையின் பணத்தில் நடக்கும் பணி துரையின் கூலிக் கணக்கைக் கேள்வி கேட்பது அரிது. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அத்தோட்டத் தமிழருள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி 1974இல் முடிவாயிற்று. இருபுறச் சபைகளிலும் உறுப்பினராயிருந்தவர்களை இரு அரசுகள் எண்ணிப் பிரித்தபோது, சபைகள் ஒருங்கே பேசுவதற்கு ஏற்ற அமைப்பு எதுவும் அம்மலைநாட்டில் இல்லை.

வடக்கே அத்தகைய அமைப்பு இருந்தது. 1908இல் உருவான தென்னிந்திய ஐக்கிய சபையில் யாழ்ப்பாணமும் உறுப்பு. அதனால் 1947 செப்டம்பர் 27ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது யாழ்ப்பாணம் அதன் பேராயங்களுள் ஒன்றாயிற்று. ஆதீனம் என்பது அங்கே வழங்கும் சொல். அதன் முதற் பேராயர் குலேந்திரன். இலங்கை விடுதலை பெற்றது 1948 பிப்ரவரி 4இல். எனவே இரு புதிய நாடுகளுக்கிடையே எல்லை உறுதிப்படுங்காலத்தில் ஒரு திருச்சபை அதன் இருபுறமும் நின்றது. இன்றும் இந்திய மண்ணுக்கு வெளியேயுள்ள அத்திருச்சபையின் ஒரே பேராயம் யாழ்ப்பாணமே.

இது பெருமைக்குரியது என்பதோடு நாம் நின்றுவிடலாகாது. தன் தீவிலுள்ள சிங்களச் சபைகளோடும் பிற தமிழ்ச் சபைகளோடும் இணையும் கடனும் யாழ்ப்பாணத்திற்கு உண்டு. ஆங்கிலிக்கன், மெதடிஸ்த, பாப்டிஸ்த, பிரஸ்பிட்டேரியன் சபைகளோடு அது பங்குகொண்ட இலங்கை ஐக்கியத் திட்டம் 1970களின் தொடக்கத்தில், நிறைவேறும் தறுவாயில், நீதிமன்ற வழக்கால் தடைப்பட்டது. அதன்பின் 1983 முதல் 2009 வரை நீண்ட போர்க்காலத்தில், தென்னிந்தியா என்னும் பெயரைத் தாங்கிய சபைக்கு அப்பெயர் ஆறுதலாகவும் சுமையாகவும் இருந்திருக்க வேண்டும். ஆறுதலை நாம் அளித்தோம் என்று சொல்லிக்கொள்ளுமுன், சுமையில் எவ்வளவு பங்கேற்றோம் என்று இக்கரையார் கேட்டுக்கொள்ளுதல் முறை.

நிற்க, சட்டமும் ஒரு கருத்தைச் சொல்லுகிறது. இந்தியாவின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 1976இல் வந்தது. 2010இல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. 2020இன் திருத்தம், அவ்வாறு பெற்ற பணத்தை வேறோர் அமைப்புக்கு மாற்றுவதையும் தடுத்தது. யாழ்ப்பாணத்து விதவையின் காணிக்கை சென்னைக்கு வந்தால், சினட்டுக்கு அது ஒரே சபையின் காணிக்கை. சட்டத்திற்கு அது அந்நியப் பணம். இதனால் பங்காளித்துவம் முடிந்துவிடுமென்றால், அது முன்னரே பணமாக மட்டும் சுருங்கியிருந்தது என்று பொருள்.

பணமின்றிச் செய்யத்தக்கவை எவை? போரின்போது இக்கரை வந்த அகதிகள் தமிழ்நாட்டு முகாம்களில் ஒரு தலைமுறைக்கு மேல் வாழ்ந்துள்ளனர். 2021இல் தமிழக அரசு அவற்றை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் எனப் பெயர் மாற்றியது; 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டமோ இலங்கையிலிருந்து வந்தோரைச் சேர்க்கவில்லை. ஊர் திரும்ப விரும்பும் குடும்பத்திற்கு முதலில் வேண்டுவது பிறப்பையும் மணத்தையும் காட்டும் ஆவணம். முகாமை அடுத்த ஆலயங்களில் மணமுடித்தோர், குழந்தைக்கு ஞானஸ்நானம் பெற்றோர் பலர். அவர்களுடைய பெயர்கள் நம் பதிவேடுகளில் உள்ளன. சில இடங்களில் எழுத்துப் பிழையுடனும், தந்தையின் ஊர் குறிக்கப்படாமலும் உள்ளன. முகாம்களுக்கு அண்மையிலுள்ள குருமார் இப்பதிவுகளைத் திருத்தமாகப் படியெடுத்து, குடும்பத்தாரின் இசைவோடு, அவர்கள் சேரும் ஊரின் குருவுக்குச் சபை மாற்றக் கடிதத்துடன் அனுப்பலாம். அங்குள்ள குரு, போரில் அழிந்த தம் பதிவேட்டின் இடைவெளிகளை நிரப்ப இங்குள்ளவரின் உதவியை நாடலாம். 2023இல் நாகப்பட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் மீண்டும் புறப்பட்டது. பதிவேட்டின் படிகளை அஞ்சலில் விடாமல் ஒரு செமினரி மாணவர் கையிற் கொடுத்தனுப்பி, சில வாரம் அங்குள்ள சபையிலேயே தங்கிவரச் செய்தலும் கூடும்.