கப்பியின் சூட்சுமம்

பொட்டலத்தில் கண்டபடியே கேக் மாவைக் கலந்து வேகவைத்தும் ஓரம் மட்டும் உயர்ந்து நடுப்பாகம் அமுங்கிவிடுகிறதென்றும், இன்னும் ஒரு கரண்டி சோடா உப்புச் சேர்த்தால் நன்றாக எழும்புமா என்றும் தக்கலையிலிருந்து ஒரு சகோதரி எழுதிக் கேட்டிருக்கிறார்.

சேர்க்க வேண்டாம். பொட்டல மாவிலேயே வேண்டிய பேக்கிங் பவுடர் கலந்திருக்கிறது. அதற்கு மேல் சோடா இட்டால் குமிழிகள் ஒன்றோடொன்று கூடிப் பெருத்து, மாவு வெந்து இறுகுமுன்பே உடைந்துபோவதோடு, சவர்க்கார வாடையும் மிஞ்சும். வாயு உண்டாவது ஒன்று, உண்டான வாயுவை மாவு தாங்கி நிற்பது வேறொன்று. பேச்சிப்பாறை அணையைத் திறந்து கால்வாய் நிறையத் தண்ணீர் வந்தாலும் வரப்பு உடைந்த வயலில் அது நிற்பதில்லை என்பதைச் சிறுவயதில் எங்கள் வயலிலேயே கண்டிருக்கிறேன். முட்டையை நுரைபொங்க அடிப்பதும், அடுப்பை முன்கூட்டியே 180 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிக் கலந்த மாவைத் தாமதமின்றி உள்ளே வைப்பதும், நடுப்பாகம் இறுகும் வரை கதவைத் திறவாதிருப்பதுமே கேக்குக்கு வரப்பு.

மாவில் வாயுவைத் தாங்கி நிறுத்தும் இந்த வித்தையில் நம் பாட்டிமார் அடைந்திருந்த தேர்ச்சிக்கு ஆப்பமே பிரத்தியட்சப் பிரமாணம். கோதுமையிலுள்ள பசைப்புரதம் அரிசியில் கிடையாது. ஆகவே வெறும் அரிசி மாவு குமிழியை நெடுநேரம் பிடித்து வைக்க மாட்டாது. அதற்காகவே அவர்கள் மாவில் சுமார் பத்தில் ஒரு பங்கை எடுத்து, நீர்விட்டுக் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறவிட்டு மீண்டும் மாவிலே கலந்தார்கள்; இதுவே கப்பி காய்ச்சுதல். ஏறத்தாழ 70 டிகிரிச் சூட்டில் அரிசியின் மாச்சத்து நீரை உறிஞ்சிப் பருத்துக் கொழகொழப்பாகி, குமிழிகளைச் சூழ்ந்து காக்கிறது; வெந்த மாச்சத்து எளிதில் சர்க்கரையாக மாறுவதால் ஈஸ்டுக்கும் அது நல்ல ஆகாரம். நொதித்தல் உயிர்களின் செயலென்று 1857 முதல் விஞ்ஞானி லூயி பாஸ்டர் நிரூபிக்கத் தொடங்கினார். அந்த உயிர்களைக் கொண்டே காரியம் சாதிக்கும் வழி நம் அடுக்களைகளுக்குத் தெரிந்திருந்தது.

அந்த ஈஸ்ட் வந்தது கள்ளிலிருந்து. பனஞ்சாறு இறக்கும் கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் இனிய அக்கானி, அதாவது பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்திலேயே நுரைக்கும் கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருப்பதால், களியக்காவிளைக்கு அப்பால் கேரளத்தில் சட்டப்படி கிடைக்கும் ஒரு கரண்டிக் கள் இப்பால் குற்றமாகிவிட்டது. குடியைத் தடுக்கும் நோக்கம் உத்தமமானதே. ஆயினும் மாவுக்கு ஊற்றும் கள்ளையும் அதே கணக்கில் சேர்த்ததும், அபாயத்தோடு பனையேறுகிறவரின் ஜீவனத்தைச் சுருக்கியதும் நியாயமென்று என்னால் ஒப்ப முடியவில்லை. கள் போன இடத்தைச் சோடா பிடித்துக்கொள்ள, கப்பியும் வீண்வேலையென்று பல வீடுகளில் கைவிடப்பட்டுவிட்டது.

கள் இல்லாதவர்கள் தேங்காய்த் தண்ணீரில் சிறிது சர்க்கரை கரைத்து, ஓரிரவு புளிக்கவிட்டு ஊற்றலாம். கடை ஈஸ்டும் சிறிது போதும். எதை ஊற்றினாலும் கப்பியை விடாதீர்கள். கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பின்பே அதைக் கலக்க வேண்டும், கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் ஈஸ்ட் மாண்டுபோகும்.