வீடியோ அழைப்பு விட்டு விட்டு வந்தால்: வீட்டு வைஃபையைச் சரிபார்க்கும் முறை

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையாலும் மண்சரிவாலும் நுவரெலியா மாவட்டத்தில் பல குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. கந்தப்பளைப் பகுதிக்குத் திரும்பியுள்ள உங்கள் வீட்டில் பிள்ளையின் ஸூம் வகுப்பு, கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்கும் உறவினரோடு பேச்சு, வேலைக்கான நேர்முகப் பரீட்சை ஆகியவை கணினி வழியே நடக்கலாம். அப்போது படம் அசையாமல் நின்று, குரல் துண்டு துண்டாகக் கேட்டால், உடனே புதிய ரவுட்டர் வாங்க வேண்டாம். கோளாறு எங்கே என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

முதலில் மின்சாரம்

வீட்டுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், மின்னியலாளர் ஒருவர் பார்க்கும் வரை எந்த ப்ளக்கையும் போடாதீர்கள். ஈரம் பட்ட ரவுட்டரையும் கணினியையும் நன்றாகக் காய்ந்த பிறகே இயக்குங்கள்.

கோளாறு எந்தப் பாதியில்?

சிம் போட்ட 4ஜி ரவுட்டரில் இணைப்புக்கு இரண்டு பாதிகள் உண்டு. கணினியிலிருந்து ரவுட்டர் வரை வைஃபை. ரவுட்டரிலிருந்து தொலைபேசிக் கோபுரம் வரை 4ஜி. கணினியை ரவுட்டரோடு கேபிளால் இணைத்து ஓர் அழைப்பு எடுத்துப் பாருங்கள். கேபிள் இல்லாவிட்டால் ரவுட்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசுங்கள். இப்போது அழைப்பு சீராக இருந்தால் கோளாறு வைஃபையில். அப்போதும் தடைப்பட்டால் கோபுரப் பக்கத்தில், அல்லது கணினியில்.

வைஃபையில் என்றால்

லயன் வீட்டின் கருங்கல் சுவரும் தகரத் தடுப்பும் வைஃபையை மறிக்கும். ரவுட்டரை அலுமாரிக்குள் வைக்காமல், கணினி இருக்கும் காம்பராவிலேயே உயரமான இடத்தில் வையுங்கள். ரவுட்டரில் இரண்டு அலைவரிசைகள் இருந்தால், ஒரே அறையில் 5 கிகாஹெர்ட்ஸைப் பயன்படுத்துங்கள். சுவர் தாண்ட வேண்டுமானால் 2.4 நல்லது. ஆனால் ஒரே லயத்தில் பல வீடுகளில் ரவுட்டர் இருந்தால் 2.4 நெரிசலாகும். அப்போது ரவுட்டர் அமைப்பில் சனல் 1, 6, 11 ஆகிய மூன்றையும் மாற்றிப் பாருங்கள். எல்லாவற்றையும் விட நிச்சயமான வழி கேபிள்தான்.

கோபுரப் பக்கத்தில் என்றால்

டேட்டா மீதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தீர்ந்ததும் வேகத்தைக் குறைத்துவிடும் பெக்கேஜ்கள் உண்டு. மூடுபனியைக் குறை சொல்ல வேண்டாம்; 4ஜி சிக்னலைப் பெரும்பாலும் மறைப்பது மலைச்சரிவுதான். ரவுட்டரை ஒவ்வொரு யன்னலாக வைத்து, எங்கே சிக்னல் கோடுகள் கூடுகின்றன என்று பாருங்கள். இஸ்தோப்புப் பக்கமும் பின்பக்கமும் வெவ்வேறாக இருக்கலாம். மாலையில் மட்டும் வேகம் குறைந்தால், பலர் ஒரே கோபுரத்தைப் பயன்படுத்துவது காரணமாகலாம். முக்கியமான அழைப்பைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணினியில் என்றால்

வாரக்கணக்கில் மூடிக் கிடந்த கணினி, இணைப்புக் கிடைத்ததும் விண்டோஸ் அப்டேட்டை இறக்கத் தொடங்கும். அது அழைப்புக்குத் தேவையான வேகத்தைத் தின்றுவிடும். வகுப்புக்கு முதல் நாளே கணினியைத் திறந்து அப்டேட்டை முடித்துவிடுங்கள், அல்லது விண்டோஸ் அமைப்பில் அப்டேட்டைச் சில நாள் நிறுத்தி வையுங்கள். திகதியும் நேரமும் சரியா என்றும் பாருங்கள். தவறாக இருந்தால் சில தளங்கள் திறக்காது.

அழைப்பு நடக்கும்போதே தடைப்பட்டால்

உங்கள் கமராவை நிறுத்துங்கள். குரலுக்கு மட்டும் விநாடிக்கு சுமார் 0.1 மெகாபிட் போதும். தெளிவான படத்துக்கு அதைப் போலப் பல மடங்கு வேண்டும். வீட்டிலுள்ள மற்றக் கைபேசிகளில் வீடியோ பார்ப்பதையும் நிறுத்தச் சொல்லுங்கள். இணைப்பு அடிக்கடி அறுவதைப் பிள்ளையின் ஆசிரியருக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

சிக்னலுக்காக மலை ஏற வேண்டாம்

2021இல் ஊவாவின் பொஹிட்டியாவ கிராமத்தில் ஆசிரியரும் மாணவர்களும் ஒன்லைன் வகுப்புக்காகக் காட்டு வழியே நடந்து பாறை ஏறினார்கள். மண்சரிவு கண்ட சரிவுகளில் அப்படிச் செய்யாதீர்கள், பிள்ளைகளையும் அனுப்பாதீர்கள். ஒரு வகுப்பு தவறினால் பிறகு படித்துக்கொள்ளலாம்.

மழை நாட்களில் வைஃபையை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டாம். மின்சாரம் போனால் ரவுட்டரும் நின்றுவிடும். கைபேசியில் சார்ஜும், வீட்டில் பற்றரி போட்ட வானொலியும் இருக்கட்டும். மண்சரிவு அபாயம் தெரிந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழையுங்கள்.