உப்பு கேட்கும் இரத்தக் கொதிப்பு

பெருமுக்கல் மலையைத் தாண்டிக் கிழக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள். பிரஷர் வந்தால் உப்பைக் குறைக்க வேண்டும் என்பது அங்கே உப்பு வாருகிறவர்களுக்கும் தெரியும். ஆனால், உப்பைக் கூட்டச் சொல்லி மருத்துவரே சீட்டு எழுதும் இரத்தக் கொதிப்பு ஒன்று உண்டு. அது குழந்தைகளுக்கும் வரும்.

சிறுநீரகங்களுக்கு மேலே இரண்டு அட்ரினல் சுரப்பிகள் இருக்கின்றன. நாய் துரத்தினால் இவற்றின் உட்பகுதி அட்ரினலினையும் நார்அட்ரினலினையும் இரத்தத்தில் கொட்டும்; நெஞ்சு படபடக்கும், இரத்தக் குழாய்கள் சுருங்கும். நாய் போனதும் எல்லாம் அடங்கிவிடும். அந்த உட்பகுதியில் வளரும் ஃபியோக்ரோமோசைட்டோமா என்ற அரிய கட்டிக்கு நாயே தேவையில்லை. காரணமின்றிச் சுரந்துகொண்டே இருக்கும். தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றும் இதன் அடையாளங்கள். பெரியவர்களில் பலருக்கு அழுத்தம் விட்டுவிட்டு ஏறும். குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஏறியது இறங்குவதில்லை.

அடி விழுவது இதயத்துக்கு. சுருங்கிய குழாய்களை எதிர்த்து அடித்து அடித்து அதன் சுவர் தடிக்கிறது. மிதமிஞ்சிய ஹார்மோன் தசையையே நேரடியாகவும் கெடுக்கிறது. நாளடைவில் இதயம் தளர்ந்து வீங்கி, பிள்ளைக்கு மூச்சு வாங்கும். கட்டியை அகற்றிவிட்டால் அந்த இதயம் பெரும்பாலும் தேறிவிடுகிறது என்பதுதான் வியப்பு.

ஆனால் உடனே கத்தி வைக்க முடியாது. கட்டியைத் தொட்டாலே ஹார்மோன் பீறிட்டு அழுத்தம் எகிறும். அதனால் ஒன்றிரண்டு வாரம் முன்பிருந்தே பிரசோசின் போன்ற ஆல்ஃபா தடுப்பு மருந்தால் குழாய்களைத் தளர்த்துவார்கள். இவ்வளவு நாள் இறுகிக் கிடந்த குழாய்களுக்குள் இரத்தத்தின் அளவும் குறைந்திருக்கும். விரிந்த குழாய்களை நிரப்பத்தான் உப்பும் தண்ணீரும். மருத்துவர் சொல்லாமல் இதைச் செய்யக் கூடாது. படபடப்பை அடக்கும் பீட்டா தடுப்பு மருந்து, தேவைப்பட்டால், ஆல்ஃபா தடுப்பு மருந்துக்குப் பிறகே. முந்திக்கொண்டால் அழுத்தம் இன்னும் ஏறும்.

ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் இறந்த 18 வயதுப் பெண்ணின் இரு அட்ரினல்களிலும் இத்தகைய கட்டிகள் இருந்ததை மருத்துவர்கள் 1886-இல் பதிவு செய்தார்கள். அவர் வம்சத்தில் ஆர்.இ.டி. மரபணுக் கோளாறு ஓடுவது 2007-இல் உறுதியானது. குழந்தைகளில் இக்கட்டி பெரும்பாலும் பரம்பரைக் கோளாறால்தான் வருகிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் இந்நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து வருகிறார்கள். ஒரு பிள்ளைக்குக் கண்டால் குடும்பத்தையும் சோதிக்க வேண்டும்.

பெரியவருக்குச் சாதாரணமான 120/80, ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதிகம். மூன்று வயதிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது, குழந்தையின் கைக்கேற்ற சிறிய பட்டையால் பிரஷர் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.