ரோபோ போட்டிகள்: இரவல் வடிவமைப்பு யாருக்கு நியாயம்?

புது தில்லி: அரசுப் பள்ளிகளில் அடுத்த 5 ஆண்டுகளில் 50,000 அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் அமைக்கப்படும் என்று 2025 பிப்ரவரி 1-ம் தேதி பட்ஜெட் உரையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். ஊரகப் பகுதிகளில் உள்ள அரசு உயர்நிலைப் பள்ளிகள் அனைத்துக்கும் 'பாரத்நெட்' மூலம் அகலக்கற்றை இணைப்பு வழங்கும் அறிவிப்பும் அதே உரையில்தான் இடம்பெற்றது.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. இத்தகைய ஆய்வகங்களின் கருவிகளுள் முப்பரிமாண அச்சு இயந்திரமும் ஒன்று. இணையமும் வந்துவிட்டால், எங்கோ ஓர் அணி மாதக்கணக்கில் உழைத்து வடிவமைத்த ரோபோவின் உதிரிபாகத்தை இன்னொரு பள்ளி ஒரே நாளில் அச்செடுத்துவிட முடியும். அந்த ரோபோ போட்டிக் களத்தில் இறங்கினால், அதை யாருடைய படைப்பு என்பது?

உலக அளவில் இதற்கு இருவேறு விடைகள் உள்ளன. 2016-ல் தில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் இறுதிச் சுற்று நடைபெற்ற உலக ரோபோ ஒலிம்பியாடின் விதிகள் கறாரானவை. விலைக்குக் கிடைக்கும் வடிவமைப்பையோ, மற்றோர் அணியின் வடிவமைப்பையோ ஒத்திருந்து, சொந்தப் படைப்பல்ல என்பது தெளிவானால் அதற்கு அனுமதியில்லை. ஒரே பள்ளியைச் சேர்ந்த அணிகளுக்கும் இது பொருந்தும். போட்டி நேரத்தில் பயிற்சியாளர் மாணவர்களின் பகுதிக்குள் நுழையக் கூடாது.

அமெரிக்காவில் 1989-ல் தொடங்கப்பட்ட 'ஃபர்ஸ்ட்' அமைப்பின் வழி வேறு. அங்கு பகிர்வு ஊக்குவிக்கப்படுகிறது. ஆனால், முந்தைய பருவத்து வடிவமைப்பையோ மென்பொருளையோ ஓர் அணி மீண்டும் பயன்படுத்த விரும்பினால், அது ஏற்கெனவே எல்லா அணிகளுக்கும் கிடைக்கும்படி வெளியிடப்பட்டிருக்க வேண்டும் என்று அதன் மேல்நிலைப் பள்ளிப் போட்டிக்கான கையேடுகள் கூறின. டெக்சாஸ் மாநிலத்தின் 'ரோபோநாட்ஸ்' அணி, வசதி குறைந்த அணிகளும் எளிய கருவிகளைக் கொண்டு உருவாக்கக்கூடிய ரோபோவின் வரைபடங்களை வெளியிட்டு வருகிறது. அதேநேரம், மாணவர்களுடன் பொறியாளர்கள் சேர்ந்து பணியாற்றவும் அங்கு தடையில்லை. 'இது பிள்ளைகள் செய்ததா, பெரியவர்கள் செய்ததா' என்ற முணுமுணுப்பும் அங்கே பழையதுதான்.

இந்தியச் சூழலில் அநீதிக்கு இடமளிப்பது ரகசியப் பகிர்வே. கட்டணம் வாங்கும் பயிற்சி மையம் ஒரே வடிவமைப்பைத் தன் வாடிக்கையாளர்களுக்கு மட்டும் வழங்கினால், கிராமத்து அரசுப் பள்ளி மாணவி அதை முதன்முதலாகக் காண்பது போட்டி அரங்கில்தான். அதே வடிவமைப்பு பொதுவில் கிடைத்தால், பயிற்சியாளர் இல்லாத அவளுக்கு அதுவே பாடநூல். ஆகவே, பகிர்வை அடியோடு தடை செய்வது வசதியற்றவர்களையே அதிகம் பாதிக்கும்.

எனினும், வெளியிட்டுவிட்டால் மட்டும் போதாது. இந்தப் பற்சக்கரம் ஏன், உணரியை ஏன் இந்த உயரத்தில் பொருத்தினீர்கள், எடுத்துக்கொண்ட வடிவமைப்பில் எதை மாற்றினீர்கள் என்று நடுவர் கேட்கும்போது மாணவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆசிரியர் குறுக்கிட்டால் மதிப்பெண் குறைய வேண்டும். இரவல் பெற்ற பகுதி எது, தாமே செய்தது எது என்று எழுதிவைக்கும் குறிப்பேட்டையும் கட்டாயமாக்கலாம்; அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

நிதி ஆயோக்கின் கீழ் செயல்படும் அடல் புத்தாக்க இயக்கம் ஓர் ஆய்வகத்துக்கு ரூ. 20 லட்சம் வரை மானியம் வழங்கி வந்துள்ளது. நாடாளுமன்றத்தில் எழும் கேள்விகள் பெரும்பாலும் எத்தனை ஆய்வகங்கள், எவ்வளவு நிதி என்பதோடு நின்றுவிடுகின்றன. அங்கே திருகாணியை முடுக்கியது யாருடைய கை என்று எந்த உறுப்பினராவது இனிக் கேட்கலாம்.