முதுமையில் நலம் பேணல்: உள்ளமும் சுற்றமும்

2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 10 கோடியே 38 இலட்சம் பேர். மொத்த மக்கள் தொகையில் இது 8.6 சதவீதம். 2050ஆம் ஆண்டில் இந்தியரில் ஐவருக்கு ஒருவர் இவ்வயதினராக இருப்பார் என ஐக்கிய நாடுகள் மக்கள் தொகை நிதியத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கை கணித்துள்ளது. ஆயுள் நீண்டிருப்பது நாட்டின் சாதனையே. ஆனால் நீண்ட அந்த ஆண்டுகள் நலமாகக் கழியுமா என்பது மருந்தையும் மருத்துவமனையையும் மட்டும் பொறுத்ததன்று. அன்றாட உணவு, நடை, உறக்கம், புகையிலையை விலக்குதல், மருந்தை ஒழுங்காக உட்கொள்ளுதல் ஆகிய பழக்கங்களையும் அது பொறுத்தது.

அறிந்தும் செய்யாதது ஏன்?

இரத்த அழுத்த மாத்திரையை நாள்தோறும் உட்கொள்ள வேண்டும் என்பதை அறிந்த முதியவரும் அதை இடையில் நிறுத்திவிடுகிறார். இதை அறியாமை என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் உண்மைக் காரணங்கள் வேறு. இந்நோய் பெரும்பாலும் வலி தருவதில்லை. ஆதலால் மருந்தின் பயன் கண்ணுக்குத் தெரிவதில்லை. மேலும், "வயதானால் எல்லாம் வரத்தான் செய்யும்" என்னும் எண்ணம் முயற்சியையே வீண் என்று தோன்றச் செய்கிறது.

இவ்வெண்ணத்தின் வலிமை சிறிதன்று. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 660 பேரை இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வின் முடிவு 2002இல் வெளியாயிற்று. தம் முதுமையைப் பற்றி நல்லெண்ணம் கொண்டிருந்தோர், அவ்வெண்ணம் குறைந்தோரைவிடச் சராசரியாக 7.5 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தனர். வயது, பால், பொருளாதார நிலை, உடல் இயக்கத்திறன் ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னரும் இவ்வேறுபாடு நீடித்தது.

உளவியல் அறிஞர் ஆல்பர்ட் பாண்டுரா 1977இல் விளக்கிய "தன்னால் இயலும்" என்னும் நம்பிக்கையும் இங்குக் கருதத்தக்கது. கீழே விழுந்துவிடுவோம் என்று அஞ்சும் முதியவர் நடப்பதைக் குறைக்கிறார். அதனால் தசைகள் தளர்கின்றன. விழும் வாய்ப்பு மேலும் பெருகுகிறது. இச்சுழலை அறிவுரை மட்டும் உடைப்பதில்லை. தாமே சிறிது சாதித்துக் காண்பதும், தம்மையொத்தவர் செய்வதைப் பார்ப்பதுமே அதனை உடைக்கின்றன.

குடும்பமும் சமூகமும்

148 ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, வலுவான சமூக உறவுகள் உடையோர் உயிர்வாழும் வாய்ப்பு ஏறத்தாழ 50 சதவீதம் மிகுதி என்று காட்டியது. நம் நாட்டில் முதிய பெண்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் கணவனை இழந்தவர்கள். குடும்பத்தில் கடைசியாக உண்பதும், தம் நோயைச் சொல்லாமல் மறைப்பதும் அவர்களிடம் பழக்கமாகிவிடுகின்றன. மகன் ஒருநாள் கூலியை இழந்தால்தான் தாயை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல முடியும் என்ற நிலையில், அந்தத் தாய் "எனக்கு ஒன்றுமில்லை" என்கிறார். இதில் அறியாமை ஏதுமில்லை. குடும்பத்தின் வரவு செலவை எண்ணிச் செய்த கணக்கே உள்ளது.

சுற்றத்தின் தாக்கம் எப்போதும் நன்மையாகவே அமைவதில்லை என்பதையும் மறத்தலாகாது. பீடியும் புகையிலையும் நட்பின் அடையாளமாகவே கைமாறுகின்றன. அன்பு மிகுதியால் "நீங்கள் சும்மா உட்காருங்கள்" என்று எல்லா வேலையையும் பறித்துக்கொள்ளும் பிள்ளைகள், தாம் அறியாமலே பெற்றோரைத் தளரச் செய்கின்றனர்.

திட்டங்கள் தரும் படிப்பினை

2017இல் தொடங்கப்பெற்ற இந்திய இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சி, மருந்தையும் தொடர் கவனிப்பையும் வீட்டுக்கு அருகிலுள்ள நிலையங்களுக்குக் கொண்டுசென்றது. முதியவரின் மன உறுதியை மட்டும் நம்பியிராமல், அவர் நடக்க வேண்டிய தொலைவைக் குறைத்தமையே அதன் சிறப்பு. 2024 அக்டோபரில் 70 வயதும் அதற்கு மேலும் ஆனோர் அனைவருக்கும் விரிவாக்கப்பெற்ற ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு வழி செய்கிறது. எனினும் நோய் முற்றாமல் காக்கும் அன்றாடப் பழக்கம் மருத்துவமனைக்கு வெளியேதான் உருவாக வேண்டும்.

மாவட்ட அளவில் உடனே செய்யத்தக்கவை சில உண்டு. ஆரம்ப சுகாதார நிலையங்களில் முதியோருக்கான வாராந்தர மருத்துவ நாளைச் சந்தை நாளோடு இணைக்கலாம். அன்று ஊரார் எப்படியும் வருவர். 2011இல் முதிய பெண்களுள் பத்தில் ஏழு பேர் எழுத்தறிவு பெறாதவர்கள் என்பதால், துண்டுப் பிரசுரங்களைவிடச் சுய உதவிக் குழுக்களின் நேர்ப்பேச்சே பயன்தரும். 65 வயதைக் கடந்தோர் வாரம் 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்பு மேற்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தனித்து நடக்கத் தயங்குவோரும் நால்வர் கூடினால் நடப்பர்.

"இன்ன செய்க" என்று முதியோருக்குக் கூறுவது எளிது, செலவும் குறைவு. அவர் அதைச் செய்வதற்குத் தடையாக நிற்பது அச்சமா, தொலைவா, தனிமையா, வீட்டின் வறுமையா என்று கேட்டறிவது கடினம். ஒதுக்கப்படும் நிதியின் பயன் அந்தக் கேள்வியில்தான் அடங்கியுள்ளது.